ஏழு பாலங்களும் கணிதப் பேரறிஞர் ஒயிலரும்

உலகிற் பிறந்த கணித வல்லாருள்ளே மிகச் சிறந்தோரை ஒரு கைவிரல்களில் எண்ணப் புகினும், லியொனாட் ஒயிலர் என்னும் பெரியாரை விடுத்து எண்ணுதல் இயலாது. 1707 ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து தேசத்திற் பிறந்து, 1783 ஆம் ஆண்டிலே ருஷ்ய தேசத்தில் மறைந்த இவர், எழுபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, எண்ணூற்றுக்கு மேற்பட்ட நூல்களையும் கட்டுரைகளையும் இயற்றியவர். தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நாம் கணிதர் ஒருவரின் சரிதத்தை இம்மலருக்கு எழுத முற்பட்டமை கண்டு அன்பர் சிலர் வியத்தல் கூடும். ஒயிலர் ஆராய்ந்த பொருள்களுட் பெரும்பாலன நமது அறிவுக்கு எட்டாதன என்பதை முதற்கண் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆயினும் அவற்றுள் ஒன்று, விரல்விட்டு எண்ணத் தெரிந்த எவர்க்கும் விளங்குவது. ஓர் ஊரிலுள்ள ஏழு பாலங்களைப் பற்றிய வினா அது. கணிதத்தோடு அதற்கு அதிக தொடர்பில்லை என்று ஒயிலரே ஒருகாற் கருதினார். அச்சிறு வினாவே, மின்சாரக் கம்பி, தொலைபேசி, இணையம் ஆகியவற்றை எளிதில் அறுபடாத வண்ணம் அமைக்கும் பெருங்கலைக்கு வித்தாயிற்று. அவ்வித்தின் வரலாற்றையும், அதனை இட்டவர் வாழ்க்கையையும் ஒருங்கே கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையுங் கல்வியும்

ரைன் நதிக்கரையிலுள்ள பாசல் என்னும் நகரத்திலே, 1707 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15 ஆந் திகதி ஒயிலர் பிறந்தார். தந்தையார் போல் ஒயிலர் கிறித்தவ சமயகுரு. தாயார் பெயர் மார்கரெற்றா புறூக்கர். குழந்தை பிறந்து சிறிது காலத்துள் குடும்பம் அயலிலுள்ள றீகன் என்னும் கிராமத்துக்குப் பெயர்ந்தது. தந்தையார் தாம் மாணவராயிருந்த காலத்திலே யாக்கோபு பேர்ணூலி என்னும் கணித மேதையிடம் பாடங் கேட்டவர். ஆதலின் மைந்தருக்குக் கணிதத்தின் முதற் பாடங்களைத் தாமே புகட்டினார்.

பின்னர்ச் சிறுவர் பாசல் நகரத்துப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியிலே இலத்தீன் மொழி கற்பித்தனரேயன்றிக் கணிதங் கற்பித்திலர். அக்குறை தனியாசிரியர் ஒருவரால் நீக்கப்பட்டது. பதின்மூன்றாம் வயதிலே சர்வகலாசாலை புகுந்த ஒயிலர், 1723 ஆம் ஆண்டிலே டேக்கார்ட், நியூற்றன் என்னும் இருவர் கொள்கைகளையும் ஒப்புநோக்கி உரை நிகழ்த்தி முதுகலைப் பட்டம் பெற்றார்.

அந்நாளில் அச்சர்வகலாசாலையிலே கணிதப் பேராசிரியராய் விளங்கியவர், யாக்கோபின் இளைய சகோதரராகிய யொகான் பேர்ணூலி. தமக்குத் தனியே பாடஞ் சொல்லவேண்டுமென இளைஞர் விண்ணப்பித்தபோது, அவர் தமக்கு நேரமில்லையென மறுத்துவிட்டார். ஆயினும் கைவிட்டாரல்லர். கடினமான நூல்கள் சிலவற்றைக் குறிப்பிட்டு, அவற்றைத் தாமே படிக்குமாறும், விளங்காத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகல்களில் வந்து கேட்குமாறும் பணித்தார். ஒயிலரோ, ஆசிரியரின் அருமையான நேரத்தை வீணாக்க அஞ்சி, வாரமுழுதும் முயன்று தம் ஐயங்களை இயன்ற அளவு தாமே தீர்த்துக்கொண்டு, எஞ்சிய சிலவற்றை மாத்திரம் கொண்டு செல்வார். ஆசிரியர் ஓர் ஐயத்தைத் தீர்க்கும்போது வேறு பத்து ஐயங்கள் தாமாகவே அகன்றன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மாணாக்கன் தானே முயலும்படி விட்டு, முயன்று தளர்ந்த இடத்திலே கைகொடுத்தல் எத்துணைச் சிறந்த போதனைமுறை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

மைந்தர் தம்மைப்போலச் சமயகுருவாதல் வேண்டுமென்பதே தந்தையாரின் விருப்பம். ஒயிலரும் வேதநூற் கல்வியைத் தொடங்கியிருந்தார். யொகான் பேர்ணூலி பரிந்துரைத்தமையாலே தந்தையார் இணங்கினார். இளைஞர் கணிதத்துக்கே உரியராயினர்.

ருஷ்ய நாடு செல்லல்

1727 ஆம் ஆண்டிலே பரிசு நகரத்து விஞ்ஞானக் கழகம், கப்பலிலே பாய்மரங்களை எவ்விடத்தில் நிறுத்துதல் சாலச் சிறந்தது என வினாவிப் பரிசில் அறிவித்தது. மலைநாட்டிற் பிறந்து, கடலோடும் கப்பலைக் கண்ணாற் கண்டிராத ஒயிலர் அதற்கு விடை எழுதிப் பாராட்டுப் பெற்றார்; முதற் பரிசு பூகேர் என்னும் பிரான்சியருக்குக் கிடைத்தது. அவ்வாண்டிலே பாசல் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் பதவி வெற்றிடமாயிற்று. இருபது வயது நிரம்பாத ஒயிலர் விண்ணப்பித்தார்; கிடைக்கவில்லை. பிறந்த ஊரிலே ஒரு வாயில் அடைபட்டது.

வேறொரு வாயில் முன்னரே திறந்திருந்தது. மகா பீற்றர் மன்னரின் திட்டப்படி ருஷ்ய நாட்டுப் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே புதிதாக விஞ்ஞானக் கழகம் ஒன்று அமைந்திருந்தது. யொகானின் மைந்தராகிய டானியல் பேர்ணூலி அங்கே பணிபுரிந்தார். அவர் முயற்சியால் ஒயிலருக்கும் ஓரிடம் கிடைத்தது. ஆயின் அது மருத்துவப் பிரிவிலே உடற்றொழிலியலுக்கு உரிய இடம். ஒயிலர் மனந் தளராது அத்துறை நூல்களையும் கற்கத் தொடங்கி, 1727 ஏப்பிரில் மாதத்திற் பாசலை நீங்கினார். பின்னர் ஒருபோதும் தாய்நாட்டில் வாழ்ந்தாரல்லர். அவர் பீற்றர்ஸ்பேர்க்கை அடைந்த மே மாதத்திலேயே கழகத்தை ஆதரித்த அரசி முதலாங் கதரின் காலமாயினர். கழகத்தின் எதிர்காலமே ஐயத்துக்கிடமாயிற்று. ஆயினும் ஒயிலர் பொறுத்திருந்து, 1731 இலே பௌதிகப் பேராசிரியராகவும், டானியல் பேர்ணூலி 1733 இலே தாய்நாடு திரும்பியபோது அவரிடத்திற் கணிதப் பேராசிரியராகவும் உயர்ந்தார். 1734 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே, ஓவியர் ஒருவரின் புதல்வியாராகிய கதரினா க்செல் என்பாரை மணந்தார். பிறந்த பிள்ளைகள் பதின்மூவருள் ஐவரே குழவிப்பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர்.

1735 ஆம் ஆண்டிலே கடுங்காய்ச்சல் கண்டு அவர் உயிர்பிழைத்தல் அரிதாயிற்று. 1738 ஆம் ஆண்டிலே வலக்கண் பார்வை அற்றது. தேசப்படம் வரையும் நுண்ணிய வேலையே அதற்குக் காரணமென அவர் கருதினார். கவனத்தைக் கலைக்குங் காட்சிகள் இனிக் குறையும் என்று கூறி அவர் அமைந்தனர் என்ப.

ஏழு பாலங்கள்

இக்காலத்திலேதான் பாலங்களின் வினா அவர்முன் வந்தது. அக்காலத்துப் பிரஷ்ய நாட்டிலே, பிறெகல் என்னும் ஆற்றின் இருமருங்கும் அமைந்தது கோனிக்ஸ்பேர்க் நகரம். ஆற்றின் நடுவே க்னைப்கொவ் என்னுந் தீவு உண்டு. அதற்குக் கிழக்கே ஆறு இரு கிளைகளாகப் பிரிந்திருத்தலின், அக்கிளைகளின் இடையிலும் ஒரு நிலப்பகுதி உளது. ஆகவே வடகரை, தென்கரை, தீவு, இடைநிலம் என நிலம் நான்கு; அவற்றை இணைக்கும் பாலம் ஏழு. தீவிலிருந்து வடகரைக்கு இரண்டு, தென்கரைக்கு இரண்டு, இடைநிலத்துக்கு ஒன்று; இடைநிலத்திலிருந்து இரு கரைக்கும் ஒவ்வொன்று. ஒவ்வொரு பாலத்தையும் ஒருமுறையே கடந்து, ஒன்றையும் விடாது ஏழையும் நடந்து முடித்தல் கூடுமோ என்பதே வினா. முடியுமெனக் காட்டியவரும் இல்லை. முடியாதென நிறுவியவரும் இல்லை.

ஒயிலர் தமது விடையை 1735 ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே கழகத்தின்முன் வாசித்தார். 1736 ஆம் ஆண்டுக்குரிய தொகுதியிற் சேர்க்கப்பட்ட அக்கட்டுரை அச்சாகி வெளிவந்தது 1741 இலேதான். இதற்கிடையில் டான்சிக் நகரத் தலைவராகிய ஏலர் என்பவர், அவ்விடையைத் தமக்கு அனுப்புமாறு 1736 இற் கடிதமூலம் வேண்டினார். ஒயிலர் விடுத்த மறுமொழி வியப்பைத் தருவது. இவ்விடை கணிதத்தோடு அதிக தொடர்புடையதன்று என்றும், வெறும் பகுத்தறிவினாற் கண்டதை ஏனையோரினும் கணிதர் ஒருவரிடமே எதிர்பார்ப்பது ஏனென்று தமக்கு விளங்கவில்லை என்றும் அவர் எழுதினார். ஆனால் வியன்னா நகரத்து வானசாத்திரியாகிய மரினோனி என்பவருக்கு அக்காலத்தில் எழுதிய வேறொரு கடிதத்தில், இவ்வினா அற்பமாகத் தோன்றினும், கேத்திரகணிதமோ அட்சரகணிதமோ எண்ணும் முறையோ இதனைத் தீர்க்கப் போதாமையால் கருதத்தக்கதே என்றார். இது கணிதமன்று என்னும் எண்ணமும், இதிலே புதியது ஒன்று உண்டு என்னும் எண்ணமும் அவர் உள்ளத்தே ஒருங்கிருந்தன.

இனி அவர் கண்ட விடையைக் கேண்மின். நடந்து செல்பவன் தான் நின்ற நிலங்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு செல்வானாக. ஒரு பாலங் கடந்தால் இரண்டு பெயர். இரண்டு பாலங் கடந்தால் மூன்று பெயர். ஏழு பாலங் கடந்தால் எழுதப்படும் பெயர் எட்டு. இனி, மூன்று பாலமுடைய ஒரு நிலத்தை நோக்குக. அம்மூன்றையும் ஒவ்வொரு முறை கடப்பதாயின் அந்நிலத்தின் பெயர் இருமுறை வருதல் வேண்டும். ஐந்து பாலமுடைய நிலத்தின் பெயர் மும்முறை வருதல் வேண்டும். கோனிக்ஸ்பேர்க்கிலே தீவுக்குப் பாலம் ஐந்து. ஏனைய மூன்று நிலத்துக்கும் மும்மூன்று. ஆகவே வேண்டப்படும் பெயர்கள் மூன்றும் இரண்டும் இரண்டும் இரண்டுமாக ஒன்பது. இருக்கும் இடமோ எட்டு. எட்டிடத்தில் ஒன்பதை வைத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின் அந்நடை முடியாததொன்று.

நகரத்தின் தூரமும் பாலத்தின் நீளமும் ஆற்றின் அகலமும் இவ்விடையில் இடம்பெறவில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பதொன்றே வேண்டப்பட்டது. இதுவே புதுமை. ஒயிலர் அவ்வூரோடு நில்லாது எல்லா ஊர்க்கும் பொருந்தும் விதியையும் வகுத்தார். ஒற்றைப்படையான பாலங்களையுடைய நிலங்கள் இரண்டின் மேற்படின் நடை முடியாது. இரண்டாயின் அவற்றுள் ஒன்றிலே தொடங்கின் முடியும். ஒன்றும் இல்லையாயின் எங்கே தொடங்கினும் முடியும். முடியும் என்னும் பகுதியை முற்றாக நிறுவியவர், பிற்காலத்தவராகிய கீர்கோல்சர் என்னும் ஜேர்மானியர். அந்நிறுவல் 1873 இல் வெளிவந்தது.

அக்கட்டுரையிலே மற்றுமொரு சிறு கணக்கு உண்டு. ஒவ்வொரு நிலத்துக்குமுரிய பாலங்களை எண்ணிக் கூட்டினால், பாலத்தொகையின் இருமடங்கு வரும். ஏனெனில் ஒவ்வொரு பாலமும் தன் இரு முனைகளிலும் எண்ணப்படுகின்றது. ஐந்தும் மூன்றும் மூன்றும் மூன்றும் பதினான்கு. ஏழின் இருமடங்கு பதினான்கு. சிறுபிள்ளையும் அறியத்தக்க இக்கணக்கை அன்பர்கள் நினைவில் இருத்துவார்களாக. பின்னர் இது நமக்கு வேண்டும்.

பேர்லின் வாசம்

1741 ஆம் ஆண்டிலே ருஷ்ய அரசியற் குழப்பங்களால் மனஞ் சலித்திருந்த ஒயிலர், பிரஷ்ய மன்னராகிய இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பை ஏற்றுப் பேர்லின் நகரம் சென்றார். மன்னரின் தாயார் அவரோடு உரையாட முயன்றபோது ஓரிரு சொற்களே மறுமொழியாக வந்தன. காரணம் வினவியபோது, பேசுவோரைத் தூக்கிலிடும் நாட்டிலிருந்து தாம் வந்தமையே என்றனராம்.

பேர்லினிலே அவர் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1748 இல் வெளிவந்த முடிவிலி பற்றிய அவருடைய நூலும், 1755 இல் வெளிவந்த வகையீட்டு நூலும் பின்வந்த கணிதர்க்கெல்லாம் பாடநூலாயின. 1750 ஆம் ஆண்டிலே, தட்டையான முகங்களாற் சூழப்பட்ட திண்மங்களைப் பற்றிய அழகியதோர் உண்மையைக் கண்டார். முனைகளின் தொகையிலிருந்து விளிம்புகளின் தொகையைக் கழித்து, முகங்களின் தொகையைக் கூட்டின் இரண்டு வரும் என்பதே அது. சதுரமுகி ஒன்றுக்கு முனை எட்டு, விளிம்பு பன்னிரண்டு, முகம் ஆறு. கணக்குச் சரியாதல் காண்க. அளவினை விடுத்து இணைப்பை மாத்திரம் நோக்கும் பார்வை, பாலங்களிற் போலவே இங்கும் பயன்பட்டது.

மன்னர் பிரெடரிக் நாவன்மை மிக்க அறிஞரை விரும்புபவர். எளிய ஒழுக்கமும் சமயப்பற்றும் உடைய ஒயிலரை அவர் மதிக்கத் தவறினார். ஒற்றைக் கண்ணர் என எள்ளி நகையாடவுஞ் செய்தார். கழகத் தலைவர் பதவி வெற்றிடமானபோது, அதன் வேலைகளையெல்லாம் சுமந்துகொண்டிருந்த ஒயிலரை விடுத்து, பிரான்சிய அறிஞர் தலம்பேர் என்பவரை அழைத்தார். அவர் ஏற்றிலர். அப்போதும் பதவி ஒயிலருக்குக் கிடைக்கவில்லை. இவ்வாறு மதிப்பிழந்து வாழ்தலினும் நீங்குதலே நன்றெனத் துணிந்து, இரண்டாங் கதரின் அரசியாரின் அழைப்பை ஏற்று, 1766 ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் பீற்றர்ஸ்பேர்க் சேர்ந்தார்.

இருளிற் செய்த பணி

அங்கே சென்ற சிறிது காலத்துள் எஞ்சியிருந்த இடக்கண்ணையும் படலம் மூடிற்று. 1771 ஆம் ஆண்டிலே அவர் வாழ்ந்த வீடு தீப்பற்றி எரிந்தது. பாசல் ஊரவராகிய பீற்றர் கிறிம் என்னுந் தொழிலாளி தீயினுட் புகுந்து, பார்வையற்ற முதியவரைத் தோளிற் சுமந்து வெளிக்கொணர்ந்தார். கையெழுத்துப் படிகளுட் பெரும்பாலன காப்பாற்றப்பட்டன. அதே ஆண்டிலே மருத்துவர் ஒருவர் கண்ணிற் சத்திரசிகிச்சை செய்தார். பார்வை சில நாள் மீண்டது. பின்னர் நோய் பற்றி முற்றாக மறைந்தது. 1773 ஆம் ஆண்டிலே நாற்பதாண்டுக் காலம் உடன்வாழ்ந்த மனைவியாரும் இறந்தார்.

இத்துணை இழப்புக்கும் ஆளான ஒருவர் ஓய்ந்திருந்தால் எவரும் குறை கூறார். ஒயிலரோ ஓய்ந்திலர். அவர் இயற்றியவற்றுள் ஏறக்குறைய அரைப்பங்கு 1766 இன் பின் எழுந்தவை. இது எங்ஙனம் இயன்றது? அவர்தம் நினைவாற்றல் ஒரு காரணம். வேர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் ஈனியிட் காவியம் முழுவதையும் அவர் மனப்பாடமாகக் கூறுவார். தாம் இளமையிற் படித்த பிரதியிலே ஒவ்வொரு பக்கத்தின் முதலடியும் ஈற்றடியும் எவையெனவுஞ் சொல்வார். மற்றைக் காரணம் துணைவர். அட்சரகணிதத்துக்கு அவர் செய்த பெருநூலை, முன்னர்த் தையற்காரரிடம் தொழில் பழகிய இளைஞன் ஒருவனுக்குச் சொல்லி எழுதுவித்தார். எழுதி முடித்தபோது அவ்விளைஞன் அட்சரகணிதத்திலே தேர்ந்தவனாயினான் என்பது அந்நூலின் தெளிவுக்குச் சான்று. 1772 இல் வெளிவந்த சந்திரனின் இயக்கம் பற்றிய நூலுக்கு மூத்த மைந்தர் யொகான் அல்பிறெக்ற்றும், கிறாவ்ற், லெக்செல் என்னும் அறிஞரும் துணைநின்றனர். 1773 இலே டானியல் பேர்ணூலி பாசலிலிருந்து நிக்கொலாஸ் வூஸ் என்னும் இளைஞரைத் தெரிந்து அனுப்பினார். அவர் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளை ஒயிலர் சொல்ல எழுதி ஒழுங்கு செய்தார். நாற்பத்தாறு ஆண்டுகளின் முன் ஒயிலரை ருஷ்ய நாட்டுக்கு அழைப்பித்த அதே டானியல், அவருக்குக் கண்ணாகவும் கையாகவும் ஒருவரை அனுப்பியமை நினைக்கத்தக்கது.

1783 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 18 ஆந் திகதி, பேரப்பிள்ளைக்குக் கணிதபாடஞ் சொல்லி, அக்காலத்துப் புதுமையாகிய ஆகாயக் கூண்டின் எழுச்சியைக் கணக்கிட்டு, இரண்டாண்டுகளின்முன் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனசுக் கிரகத்தின் பாதையைப் பற்றி உரையாடிய பின், மூளையில் இரத்தப்பெருக்குற்று அவர் காலமாயினர். அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளைக் கழகம் ஏறக்குறைய ஐம்பதாண்டு வரை வெளியிட்டு வந்தது. 1911 ஆம் ஆண்டிலே வெளிவரத் தொடங்கிய அவருடைய நூற்றொகுப்பு எண்பதுக்கு மேற்பட்ட பெருந்தொகுதிகளாக விரிந்தது.

வித்து மரமானமை

ஒயிலரின் பாலக் கட்டுரை நெடுங்காலம் பொழுதுபோக்குக் கணக்கென்றே எண்ணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் நிலங்களைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் வரைந்து காட்டும் வழக்கம் எழுந்தது. அவ்வுருவைக் கோட்டுரு என்போம். மின்சாரம் கம்பிகளிற் கிளைத்தோடும் முறையை 1847 இலே கோட்டுருவின் துணைகொண்டு ஆராய்ந்தவர் கேர்ச்சொவ். அவர் பிறந்த ஊர் கோனிக்ஸ்பேர்க்கே என்பது இனிய பொருத்தம். 1926 இலே செக் நாட்டவராகிய போரூவ்கா என்பார், மொறேவியாவிலுள்ள ஊர்களுக்கெல்லாம் மிகக் குறைந்த செலவில் மின்சாரக் கம்பி இழுக்கும் வழியைக் கண்டார்.

இங்கே ஒரு பெருஞ் சிக்கல் தோன்றியது. பத்து ஊர்களை இணைக்க ஒன்பது கம்பிகள் போதும். செலவும் குறைவு. ஆனால் அவ்வொன்பதில் எதனைப் புயல் அறுத்தாலும் சில ஊர்கள் இருளில் மூழ்கும். பத்தாவது கம்பி ஒன்றைச் சேர்த்து வளையமாக்கினால், எந்த ஒரு கம்பி அறுந்தாலும் மற்றைப் பக்கத்தால் மின்சாரஞ் செல்லும். இரண்டு அறுந்தாலோ வளையமும் பிரியும். ஆகவே பாலங்களைப் பற்றிய வினா புதுவடிவம் பெற்றது. எல்லாவற்றையும் நடந்து முடித்தல் கூடுமோ என்பதன்று இப்போதைய வினா; எத்தனை அறுந்தாற் பிரியும் என்பதே. அவ்வெண்ணை இணைப்புத்தன்மை என்ப.

1927 ஆம் ஆண்டிலே கால் மெங்கர் என்னும் வியன்னா நகரத்தவர் இதற்கு அடிப்படையான தேற்றமொன்றைக் கண்டார். ஓரிடத்தை மற்றோரிடத்திலிருந்து பிரிக்க எத்தனை இணைப்புக்களையேனும் அறுத்தல் வேண்டுமோ, அத்தனை தனித்தனி வழிகள் அவ்விரண்டிடையே உண்டு என்பதே அதன் கருத்து. இதனைக் கோனிக்ஸ்பேர்க்கிலே வைத்துப் பார்ப்போம். வடகரையிலிருந்து தென்கரைக்குத் தீவின்வழியே ஒரு பாலத்தை இருமுறை கொள்ளாத இருவழி, இடைநிலத்தின்வழியே ஒருவழி, ஆக மூன்று. மூன்று பாலங்கள் போனாலன்றி அக்கரைகள் பிரியா. எண்ணிப் பார்ப்பின், எந்த இரண்டு பாலங்கள் அழியினும் அந்நகரின் நான்கு நிலங்களும் இணைந்தே நிற்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கவில்லை. 1944 இல் நிகழ்ந்த குண்டுவீச்சினால் அவ்வேழிடத்துப் பாலங்களுள் இரண்டு அழிந்தன. 1946 இலே நகரம் கலினின்கிறாட் எனப் பெயர் மாறியது. பின்னர் வேறு இரண்டினை நீக்கி அவற்றினிடத்தே நெடுஞ்சாலை அமைத்தனர். அவ்வேழிடத்துள் எஞ்சிய ஐந்தை மாத்திரம் எண்ணினால், ஒற்றைப்படைப் பாலமுடைய நிலங்கள் இரண்டே. ஆகவே ஒயிலர் முடியாதென்ற நடை, அவர் வகுத்த விதிப்படியே இன்று முடியும். இரண்டு பாலங்கள் போயும் இடங்கள் பிரியவில்லை என்பதுங் காண்க.

இணைப்புத்தன்மையின் வகைகளை 1932 இலே அமெரிக்கராகிய விற்னி ஆராய்ந்தார். கோட்டுருவைப் பற்றிய முதல் முழுநூலை அங்கேரி நாட்டவராகிய கேனிக் 1936 இலே வெளியிட்டார். மூன்று இணைப்புக்கள் அறுந்தாலன்றிப் பிரியாதவாறு பத்து ஊர்களை அமைக்க எத்தனை கம்பி வேண்டும்? ஒவ்வோர் ஊருக்கும் மூன்றேனும் வேண்டும். இல்லையேல் அதனிலுங் குறைந்தவற்றை அறுத்து அவ்வூரைத் தனிப்படுத்தலாம். பத்துக்கு மும்மூன்றாக முப்பது. ஒவ்வொரு கம்பியும் இருமுனையிலும் எண்ணப்படுதலின் அதிற் பாதி பதினைந்து. அன்பர்களை நினைவிலிருத்துமாறு நாம் வேண்டிய ஒயிலரின் சிறு கணக்கே இது. இதனிற் குறைதல் ஆகாது என்பதோடு, இவ்வளவே போதும்படி அமைக்கவுங் கூடும் என்பதை 1962 இலே பிராங்க் ஹராரி என்னும் அமெரிக்கர் எல்லா எண்ணுக்கும் பொதுவாகக் காட்டினார். 1964 இலே போல் பாறன் என்பார், நடுநிலையம் ஒன்றையே நம்பியிருக்கும் செய்திவலை பகைவரின் ஒரே அடியில் வீழும் என்றும், குறைந்த அளவினும் மும்மடங்களவு இணைப்புக்களைப் பரவலாக அமைத்தால் பல நிலையங்கள் அழிந்தும் எஞ்சியவை தம்முட் பேசும் என்றும் காட்டினார். இன்றைய இணையம் செய்தியைத் துண்டுதுண்டாக்கிக் கிடைத்த வழியில் அனுப்புவது அவரும் பிறரும் கண்ட நெறியே.

முடிவுரை

ஒயிலரின் சரிதத்தினின்று நாம் கொள்ளத்தக்கன இரண்டு என்று எண்ணுகின்றோம். முதலாவது, வினா சிறிதென்று தள்ளுதல் தகாது என்பது. கணிதமன்றென்று தாமே ஐயுற்ற ஒன்றையும் அவர் முறையாக ஆராய்ந்து, எழுதி, கழகத்தின்முன் வைத்தார். அவ்வாறு வைத்திராவிடின் பின்வந்தோர்க்குப் பற்றுக்கோடு இராது. வகுப்பிலே மாணாக்கன் ஒருவன் பாடத்துக்குப் புறம்பான வினாவொன்றைக் கேட்கும்போது, நேரமில்லையென்று அவனை இருத்திவிட்ட நாட்கள் நமக்கும் உண்டு. இச்சரிதத்தைப் படித்தபின் அந்நாட்களை எண்ணி நாணுகின்றோம். யொகான் பேர்ணூலிக்கும் நேரமிருந்ததில்லை; ஆயினும் சனிக்கிழமையொன்றை அவர் ஒதுக்கினார்.

இரண்டாவது, ஒரு வழியையே நம்பி நிற்பது எளிதில் அறும் என்பது. பாசலிற் பதவி கிடையாதபோது பீற்றர்ஸ்பேர்க் இருந்தது. ஆங்கு நிலை கலங்கியபோது பேர்லின் இருந்தது. மன்னர் மதியாதபோது மீண்டும் பீற்றர்ஸ்பேர்க் இருந்தது. கண் போனபோது நினைவு இருந்தது. கை தளர்ந்தபோது மைந்தரும் மாணவரும் இருந்தனர். வீடு எரிந்தபோது தம் ஊரவர் ஒருவரின் தோள் இருந்தது. ஒன்று அறுந்தபோதெல்லாம் மற்றொன்று தாங்கிற்று. அவ்விணைப்புக்களை அவர் முன்கூட்டித் திட்டமிட்டுத் தேடியதாகத் தெரியவில்லை. ஆசிரியரிடத்துப் பணிவாலும், நண்பரிடத்து உண்மையாலும், இளையோர்க்கு மறையாது கற்பித்த பண்பாலும் அவை தாமே அமைந்தன. நம் கல்லூரியிற் பயின்று பல திசையிலும் வாழும் பழைய மாணவர்கள் இம்மலரின் பக்கங்களிலே மீண்டும் ஒருங்கு கூடும் இவ்வேளையில், இதனை நினைத்தல் நன்றென்று கருதி இச்சரிதத்தை அவர்கள்முன் வைக்கின்றோம்.